கம்பி அறுந்த பிறகு ஓடிய மோட்டார் சைக்கிள்கள்: பெயர் கிடைத்த குடும்பங்களும் கிடைக்காத குடும்பங்களும்

டெஸ்பாட்ச் வேலை என்றால் மலேசியாவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வக்கீல் ஆபீஸ் கடிதம், பேங்க் பத்திரம், கம்பெனி பில் என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டு காப்சாய் மோட்டாரில் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஓடுகிற வேலை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் சம்பளம் கொடுத்த வேலைகளில் அதுவும் ஒன்று. அதே பெயரில் ராணுவத்திலும் ஒரு வேலை இருந்தது, உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அங்கே டெஸ்பாட்ச் ரைடர் என்றால், தந்தியும் தொலைபேசியும் செத்துப்போன நேரத்தில் ஒரு படைத்தலைவரின் உத்தரவை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் மோட்டார் சைக்கிள் வீரர்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் ராணுவத்திடம் இதற்குப் போதுமான ஆள் இல்லை. சொந்த மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பல்கலைக்கழக மாணவர்களைக்கூட வண்டியோடு சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அது முறையான பணியாகிவிட்டது. ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் படையில் கம்பி இழுப்பவர், வயர்லெஸ் இயக்குபவர் ஆகியோரோடு டெஸ்பாட்ச் ரைடரும் ஓர் அங்கம். இந்திய ராணுவத்தின் சிக்னல்ஸ் படை 1911-ல் தொடங்கப்பட்டது. 1941-ல் மலாயாவைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த இந்திய டிவிஷன்களோடும், ஆஸ்திரேலியாவின் 8-வது டிவிஷனோடும் இப்படிப்பட்ட சிக்னல்ஸ் பிரிவுகள் இருந்தன.

மலாக்கா மக்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல. அது நடந்த சாலைகளில்தான் இன்றும் தம்பினுக்கும் மூவாருக்கும் போய் வருகிறோம்.

கெமெஞ்சே பாலத்தில் ஒரு கம்பி

1942 ஜனவரி 14. பத்தாங் மலாக்காவிலிருந்து அதிக தூரமில்லாத கெமெஞ்சேக்கும் கெமாஸுக்கும் இடையில் ஓர் ஆற்றுப் பாலம். அதன் அருகே காட்டுக்குள் ஆஸ்திரேலியாவின் 30-வது பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனி பதுங்கியிருந்தது. மாலை 4 மணியளவில் ஜப்பானியர் சைக்கிள்களில் வந்தார்கள். துப்பாக்கியை முதுகிலோ சைக்கிளிலோ கட்டிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி, நூற்றுக்கணக்கில் பாலத்தைக் கடந்தார்கள். ஒரு கூட்டத்தைப் போகவிட்டு, அடுத்த கூட்டம் பாலத்தில் இருக்கும்போது பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள் ஆஸ்திரேலியர்கள். மலாயாப் போரில் ஜப்பானியர் வாங்கிய பெரிய அடிகளில் அதுவும் ஒன்று.

அந்த வெற்றியின் பாதி கைநழுவிப் போனதற்குக் காரணம் ஒரு தொலைபேசிக் கம்பி. பாலத்தில் சண்டை தொடங்கியதும் பின்னால் இருந்த பீரங்கிகள் சாலையில் தேங்கி நிற்கும் ஜப்பானியர் மீது சுட வேண்டும் என்பது திட்டம். அதற்கான உத்தரவு கம்பி வழியாகப் போக வேண்டும். ஆனால் பாலத்தைக் கடக்க விடப்பட்ட சைக்கிள்காரர்கள் சாலையோரம் கிடந்த கம்பியைப் பார்த்து அறுத்துவிட்டார்கள். பீரங்கிகள் மௌனமாக இருந்தன. முன்னால் இருந்த கம்பெனி தனித்து விடப்பட்டு, காட்டு வழியாகத் தன் பட்டாளத்தை நோக்கிப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

கம்பியை எவரும் அறுக்கலாம். குண்டு விழுந்தால் அறும், லாரிச் சக்கரம் ஏறினால் அறும். அப்படியென்றால் வயர்லெஸ் எங்கே என்ற கேள்வி வரும். இருந்தது. ஆனால் அந்தக் கால வயர்லெஸ் பெட்டிகள் மலாயாவின் ஈரத்திலும், மலை மடிப்புகளிலும், அடர்ந்த மரங்களுக்கு இடையிலும் சரியாக வேலை செய்யவில்லை. பேட்டரி கனமானது, அலை பாதியில் அடங்கிப்போகும். அதோடு வயர்லெஸில் பேசுவதை எதிரியும் கேட்பான் என்பதால் முக்கியமான உத்தரவுகளைக் குறியீடாக்கி அனுப்ப வேண்டும். குறியீடாக்குவதற்குள் போர்முனையே இடம் மாறியிருக்கும்.

தலைமையகங்களுக்கு இடையிலான நீண்ட தூரத் தொடர்புக்கு மலாயா ராணுவம் பெரும்பாலும் நம்பியிருந்தது நாட்டின் தபால் தந்தி இலாகாவின் சாதாரண தொலைபேசிக் கம்பிகளைத்தான். யாழ்ப்பாணத் தமிழர்களும் இந்தியத் தமிழர்களும் நிறையப் பேர் வேலை பார்த்த இலாகா அது. போர் நடக்கும்போதே, மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்கள் தளபதிகளின் பேச்சைத் துண்டித்தார்கள் என்று ஒரு கதை வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும். சிரிப்பு வரும் கதைதான். ஆனால் பின்வாங்கும் படைக்கு உத்தரவு ஒரு மணி நேரம் தாமதமானால் ஒரு பட்டாளமே எதிரியின் கைக்குள் சிக்கிக்கொள்ளும் என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

கம்பியும் இல்லை, வயர்லெஸும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரு மனிதனும் இரண்டு சக்கரங்களும்தான்.

பை, கண்ணாடி, 170 கிலோ வண்டி

டெஸ்பாட்ச் ரைடரின் வேலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தபால்காரர் மாதிரி, குறித்த நேரத்தில் குறித்த முகாம்களைச் சுற்றிவந்து கடிதங்களைக் கொடுத்து வாங்குவது. மற்றது அவசர ஓட்டம். ஒரே ஒரு உறையை ஒரே ஒரு ஆளிடம் சேர்ப்பதற்காக நடுராத்திரியில் கிளம்புவது. சேர்த்ததற்குக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வழியில் பிடிபடும் நிலை வந்தால் முதலில் தாளை அழிக்க வேண்டும், பிறகுதான் தன்னைப் பற்றிய யோசனை.

வண்டி எளிதானதல்ல. பிரிட்டிஷ் ராணுவம் அதிகம் பயன்படுத்தியவை பி.எஸ்.ஏ. எம் 20, நார்ட்டன் 16எச். போர்க்காலத்தில் முதல் வகை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேலும், இரண்டாவது வகை ஏறத்தாழ ஒரு லட்சமும் தயாரிக்கப்பட்டன. இரண்டும் 500 சிசி-க்குச் சற்றுக் குறைவான ஒற்றை சிலிண்டர் எஞ்சின். எம் 20-ன் எடை ஏறக்குறைய 170 கிலோ. இன்றைய காப்சாயின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். செம்மண் தோட்டப் பாதையில், மழைக்குப் பிறகு, சேற்றில் விழுந்துவிட்ட அந்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்துவது எப்படி என்று பால்மரக்காட்டில் மோட்டார் ஓட்டிய யாரும் கற்பனை செய்துகொள்ள முடியும். சின்ன வண்டியும் இருந்தது. ராயல் என்ஃபீல்டின் 125 சிசி வண்டியைக் கூண்டில் வைத்து பாராசூட்டில் இறக்கினார்கள். பறக்கும் தெள்ளுப்பூச்சி என்பது அதற்கு வீரர்கள் வைத்த செல்லப்பெயர்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. போருக்குப் பிறகு இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது சென்னையில், தொழிற்சாலை திருவொற்றியூரில். இன்று ஊருக்குப் போய் வருகிறவர்கள் தெருவில் கேட்கும் 'டுப் டுப்' சத்தத்தின் வேர் அந்த ராணுவ ஆர்டரில் இருக்கிறது.

எதிரியின் துப்பாக்கியைவிடச் சாலைதான் அதிகம் பயமுறுத்தியது. எதிரி விமானம் பார்த்துவிடக்கூடாது என்று ஹெட்லைட்டை மூடி ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் விடுவார்கள். எதிரே விளக்கில்லாமல் ராணுவ லாரிகள் வரிசையாக வரும். 1935-ல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹியூ கெய்ர்ன்ஸ். போர் தொடங்கிய பின் அவர் கணக்கெடுத்துப் பார்த்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மட்டும் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்து சென்றவர்களும் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் தலைக்காயம். ஹெல்மெட் அணிந்து விபத்தில் சிக்கியவர்களாக அவர் கண்ட 7 பேரும் பிழைத்திருந்தார்கள். 1941-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். அந்த ஆண்டு நவம்பரிலேயே ராணுவம் தன் டெஸ்பாட்ச் ரைடர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. மலேசியாவில் ஹெல்மெட் விதி 1973-ல் வந்தது. பிரிட்டனிலும் அதே ஆண்டுதான். நம் நாட்டில் இன்றும் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே.

மலாக்காவில் போர்க் கல்லறை ஏன் இல்லை

1942 ஜனவரியில் பிரிட்டிஷார் தங்கள் தற்காப்புக் கோட்டை மூவாரிலிருந்து சிகாமாட் வழியாக மெர்சிங் வரை வரைந்தார்கள். மலாக்கா அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. சண்டையில்லாமலே கைவிடப்பட்டது. ஜனவரி நடுவில் ஜப்பானின் இம்பீரியல் கார்ட்ஸ் டிவிஷன் கடற்கரைச் சாலை வழியாக மலாக்காவுக்குள் நுழைந்து, நிற்காமல் மூவாரை நோக்கிப் போனது. மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் அன்று லயத்துக்குள் ஒடுங்கியிருந்தவர்கள் கண்டது அந்தப் படையின் ஒரு பகுதியைத்தான். துரைமார் ஏற்கெனவே சிங்கப்பூருக்குப் போயிருந்தார்கள். மலாக்காவுக்கென்று ஒரு தொண்டர் படை, ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் தொண்டர் படையின் 4-வது பட்டாளமாக இருந்தது.

மூவார் ஆற்றில் அப்போது பாலம் இல்லை, படகுத்துறை மட்டும். ஆற்றைக் காக்க நின்றது 45-வது இந்தியப் படையணி. ராஜபுத்திரர், ஜாட், கர்வாலிப் பட்டாளங்கள். பெரும்பாலும் பதின்ம வயது தாண்டாத புதிய சிப்பாய்கள். பாலைவனப் போருக்கென்று பயிற்சி கொடுக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் மலாயாவுக்குத் திருப்பிவிடப்பட்டவர்கள். மரம் அடர்ந்த நாட்டை அவர்கள் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. மலாக்கா பக்கத்துக் கரையில், அதாவது ஆற்றின் வடகரையில் நிறுத்தப்பட்ட கம்பெனிகள் முதலில் சிதைந்தன. அவற்றுடன் தொடர்பு அறுந்தது. ஒரு வாரத்தில் படையணியே அழிந்தது. அதன் தலைவர் பிரிகேடியர் டங்கனும் இறந்தார். பாரிட் சூலோங்கில் கைவிடப்பட்ட காயம்பட்ட வீரர்கள், ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியர்களும் 40 இந்தியர்களும், ஜனவரி 22-ல் ஜப்பானியரால் கொல்லப்பட்டார்கள். அந்த டிவிஷனின் தளபதி நிஷிமுரா 1951-ல் தூக்கிலிடப்பட்டார்.

பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. சிக்னல்ஸ் படையினரும் ரைடர்களும் வண்டியை அழித்துவிட்டுக் கைதிகளானார்கள். பிப்ரவரி 17-ல் ஃபாரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்கள் திரட்டப்பட்டார்கள். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி போன்ற தீவுகளுக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்டு, பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தார்கள்.

பெயர் எங்கே இருக்கிறது

தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று மட்டும் தெரிந்த குடும்பங்கள் மலேசியத் தமிழர்களிடையேயும் உண்டு, தமிழ்நாட்டு உறவினர்களிடையே இன்னும் அதிகம். பெட்டிக்குள் ஒரு பதக்கம், ஒரு மங்கிய படம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இவர்களுக்கு வழி இருக்கிறது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் பணியில் இறந்த காமன்வெல்த் வீரர்களுக்குப் பதிவு வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சிப்பாயானாலும் ஜெனரலானாலும் ஒரே மாதிரிப் பதிவு. சிங்கப்பூரின் கிராஞ்சியில் இருக்கும் நினைவுச் சுவர்களில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. கல்லறை என்று ஒன்று இல்லாதவர்கள், உடல் கிடைக்காதவர்கள் அவர்கள். கிராஞ்சி மண்ணில் அடக்கமானவர்கள் 4,400-க்கு மேல். நம் நாட்டில் தைப்பிங் போர்க் கல்லறையில் 850-க்கு மேற்பட்டோர் அடக்கமாகியுள்ளனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் யார் என்றே தெரியாது.

இந்திய வீரர்களின் பதிவைத் திறந்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். எண், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றோடு பலருக்கு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன கிராமம், இன்ன ஜில்லா என்றும் எழுதியிருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தின் எழுத்தர் ஒருவர் 80 ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த பட்டியலில், வட ஆற்காட்டிலோ திருச்சியிலோ இருந்த ஒரு விதவையின் பெயர் இன்றும் நிற்கிறது. வேறு எந்த அரசாங்கத் தாளிலும் அந்தப் பெண்ணின் பெயர் இல்லாமல் போயிருக்கலாம்.

தேடும்போது வரும் முதல் தொல்லை எழுத்துக்கூட்டல். முத்துசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். இனிஷியல் இருக்காது, அல்லது தகப்பனார் பெயரே முதல் பெயராக இருக்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் படைப்பிரிவையும் ஊரையும் வைத்துத் தேடுவது நல்லது. சிக்னல்மேன் என்ற பதவி இருந்தால் சிக்னல்ஸ் படை. ஆனால் அந்தப் பதவியில் இருந்த எல்லாரும் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அல்ல. ஓட்டினார் என்று உறுதி செய்ய, அவருடைய சேவைப் பதிவோ குடும்பத்திடம் உள்ள படமோ வேண்டும். தோளில் தொங்கும் பை, நெற்றியில் ஏற்றிய கண்ணாடி, முழங்கை நீளக் கையுறை, இவை படத்தில் பார்க்க வேண்டிய அடையாளங்கள்.

பதக்கம் இருந்தால் அதன் விளிம்பையும் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் வெறுமையாக இருக்கும். இந்திய ராணுவத்தினருக்குக் கொடுத்தவை பலவற்றில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பசிபிக் ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கம் இருந்தால், மலாயாப் போரில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. பதக்கத்தைப் பாலீஷ் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. எழுத்துதான் முதலில் போகும். எண் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க இந்தியாவில் இடங்கள் உண்டு: சிக்னல்ஸ் படைக்கு ஜபல்பூர் பதிவேட்டு அலுவலகம், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்குப் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு ஊட்டி அருகே வெலிங்டன்.

பெயர் தெரிந்த கல்லறைக்கு என்ன மதிப்பு என்பதை மலாக்காவே பார்த்திருக்கிறது. சுங்கை ஊடாங் அருகே தெரெண்டாக் முகாம் காமன்வெல்த் படைக்காகக் கட்டப்பட்டது. அதன் உள்ளே ஒரு ராணுவக் கல்லறை. 1960-களில் வியட்நாமில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்கள் சிலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். அப்போதைய விதிப்படி உடலை ஊருக்குக் கொண்டுபோகும் செலவைக் குடும்பமே ஏற்க வேண்டியிருந்தது. 1966-ல் அந்த விதி மாறியது, ஆனால் ஏற்கெனவே அடக்கமானவர்கள் அங்கேயே இருந்தார்கள். ராணுவ முகாமுக்குள் இருந்ததால் குடும்பத்தார் நினைத்தபோது வந்து பூ வைக்கவும் முடியவில்லை. கடைசியில் 2016 ஜூனில், தெரெண்டாக்கிலிருந்தும் கிராஞ்சியிலிருந்தும் மொத்தம் 33 பேருடைய எச்சங்கள் ராணுவ விமானங்களில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அரை நூற்றாண்டு காத்திருந்த மனைவிமாரும் பிள்ளைகளும் விமானத்தளத்தில் நின்றார்கள். அத்தனையும் சாத்தியமானது, எந்தக் குழியில் யார் என்று ஒரு புத்தகத்தில் எழுதியிருந்ததால்.

எழுதப்படாதவர்கள்

இனி, நம் தோட்டங்களின் பக்கம். தம்பினிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை. 1905-ல் திறந்த பாதை. இன்று மலாக்காவுக்கு ரயிலில் வருகிறவர்கள் புலாவ் செபாங்கில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், ஜப்பான்காரர்கள் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனதுதான். இரும்பை மட்டுமா கொண்டுபோனார்கள்? தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் 180,000 பேருக்கு மேல் என்பது மதிப்பீடு. இறந்தவர்கள் 90,000 என்றும் அதற்கு மேல் என்றும் சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த எண்கள் எல்லாம் 'ஏறத்தாழ' என்றே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே பாதையில் இறந்த போர்க் கைதிகளின் கணக்கில் 'ஏறத்தாழ' இல்லை. முகாம்களில் இருந்த அதிகாரிகள், பிடிபட்டால் அடி உதை என்று தெரிந்தும், யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று துண்டுத் தாள்களில் எழுதி, புட்டியில் அடைத்து மண்ணுக்குள் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் ஒரு சிறு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைத் தேடியதில் 52 மட்டுமே கிடைக்கவில்லை. இன்று காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் வரிசையாக நிற்கும் ஏறத்தாழ 7,000 கற்கள் அப்படி வந்தவை.

தமிழர்களுக்கு அப்படி எழுத ஆள் இல்லை. அவர்கள் ராணுவம் அல்ல, ஆகவே எண் இல்லை. கங்காணி கையிலோ கிராணியிடமோ இருந்த செக்ரோல் தோட்டத்தோடு நின்றுவிட்டது. காலராவில் ஒரே நாளில் பலர் இறந்த முகாம்களில் பெயர் கேட்பதற்குக்கூட ஒருவரும் மிஞ்சவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் இறந்த தோட்டத்து இளைஞர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அவர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டவர்கள் என்பதால் காமன்வெல்த் பட்டியலில் இடமில்லை. சிங்கப்பூரில் 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரிலேயே தகர்த்தார்கள்.

மலாக்காவில் சீன சமூகம் ஜப்பானிய எதிர்ப்பில் மாண்டவர்களுக்குப் புக்கிட் சீனா அடிவாரத்தில் போருக்குப் பின் விரைவிலேயே நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டது. தமிழர்களுக்குக் காஞ்சனாபுரியில் ஒரு நடுகல் வைக்கவே 2023 ஆகிவிட்டது. குறை சொல்வதற்காக அல்ல, போருக்குப் பிறகு தோட்டத்தில் இருந்த விதவைகளுக்கு அடுத்த வேளைச் சோறுதான் முதல் கவலை. கல் நடுவதற்கு யாரிடம் காசு, யாரிடம் நேரம்?

1942-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது 90-ஐத் தாண்டிவிட்டது. ஆசகான், கெமுனிங் போன்ற தோட்டங்களில் பிறந்து இப்போது ஜாசினிலோ அலோர் காஜாவிலோ டுரியான் துங்காலிலோ மகன் வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றும் பெரியவை அல்ல. சயாமுக்குப் போனவரின் முழுப்பெயர், அவர் தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம். கூடப் போனவர்களில் யார் திரும்பி வந்தார்கள், திரும்பியவர் என்ன செய்தி கொண்டுவந்தார். ஊரில் எந்த ஜில்லா, எந்தக் கிராமம். ஜப்பானியர் கொடுத்த தாளோ, வாழைமரப் படம் போட்ட அந்தக் கால நோட்டோ வீட்டில் உண்டா.

பட்டாளத்தில் இருந்தவர் என்றால் கூடுதலாக இரண்டு கேள்விகள்: எண் ஞாபகம் இருக்கிறதா, வண்டி ஓட்டினாரா. சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, பெயர்களை மட்டும் தமிழிலும் மலாயிலும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியையும் சொன்னவரின் பெயரையும் போட்டு வைத்தால் போதும். தைப்பிங் போகிறவர்கள் புக்கிட் லாருட் அடிவாரத்தில் போர்க் கல்லறையைப் பார்க்கலாம். சாலை அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், எதிர்ப்பக்கம் மற்ற சமயத்தவர்கள். இந்திய வீரர்களைத் தேடுகிறவர்கள் சாலையின் இரு பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும்.